ஒரு சொம்பு உயரக் காற்று

இருபத்தாறு வருஷமாக எனக்குச் சோறு போடுவது காற்றுதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கிற ஒரு கம்பெனியில் கம்ப்ரசர் ஆபரேட்டராக இருக்கிறேன். ஷெட்டில் ஓடுகிற மெஷின்கள் எல்லாவற்றுக்கும் என் அறையிலிருந்துதான் காற்று போகும். ஏழு கிலோ பிரஷர் நிற்க வேண்டும். ஆறரைக்கு இறங்கினால் போன் அடிக்கும், "காத்து வரல, ஏத்துப்பா" என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் உடனே ஏற்றிவிடுவார்கள். நான் ஏற்ற மாட்டேன். ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு குழாய் குழாயாகப் போய் இணைப்புகளில் தடவுவேன். ஓட்டை இருக்கிற இடத்தில் நுரை பொங்கும். முதலில் லீக்கை அடை, அப்புறம் பிரஷரைப் பேசு என்பது என் கட்சி. இதற்காக நான் சண்டை போடாத சூப்பர்வைசர் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

அப்போது என் மனைவி வீட்டில் இல்லாமல் ஐந்து மாசம் ஆகியிருந்தது. மகளுக்குப் பிரசவம் என்று ஆவணியில் செவ்வாப்பேட்டைக்குப் போனவள். மூன்று மாசத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லி, புளி எந்த டப்பாவில் இருக்கிறது, கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்றெல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டுப் பெரிய பையோடு கிளம்பினாள். மூன்று மாசம் ஆயிற்று, நாலாயிற்று. குழந்தைக்குச் சளி, மகளுக்கு முதுகுவலி, மருமகனுக்கு நைட் ஷிப்ட் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். தை பிறந்தும் வரவில்லை. ஒருநாள் மகளிடம் போனில் சூடாகவே கேட்டுவிட்டேன், உங்கம்மாவை அனுப்புகிற உத்தேசம் உண்டா இல்லையா என்று.

"கோச்சுக்காத நைனா. அம்மாவுக்கு இங்கதான் தூக்கம் வருது" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்கு என்னை விட்டுத் தள்ளிப் போனால்தான் தூக்கம் வருகிறது என்றால் அதை எங்கே போய்ச் சொல்வது. என் குறட்டை எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி. எதிர்வீட்டுக்காரர் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "நேத்து ரெண்டு கூட்ஸ் வண்டி போச்சு, அதுல ஒண்ணு உன் ஊட்லேர்ந்து கெளம்பிச்சி" என்பார். நானும் சிரிப்பேன். அவளுக்கு அது சிரிப்பாக இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அவள் இருந்தபோது படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்து, மேலே டம்ளரைக் கவிழ்த்து மூடுவாள். நடுவில் எழுந்தால் நான் குடிப்பதற்கு. அவள் போன பிறகு அதை நானே வைத்தேன். காலையில் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவேன், சாயங்காலம் திரும்பப் பிடித்து வைப்பேன். பாயில் பாதி இடத்தில்தான் படுப்பேன். மீதிப் பாதியில் அவள் தலையணை. அதை எடுத்து பீரோ மேல் போட்டிருக்கலாம், கை வரவில்லை. எந்த ஷிப்டாக இருந்தாலும் விடியற்காலை ஐந்து மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். "எயுந்துட்டியா" என்பாள். எழுந்துவிட்டேன் என்றால், "சரி வை" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. காலை ஷிப்டுக்கு எழுப்பிவிட்ட பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே தை மாசத்தில் கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். தூங்கினது கூடப் பரவாயில்லை, விட்ட குறட்டை மைக்கில் ஏறி ஹால் முழுக்கக் கேட்டிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனி டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, பகலில் இப்படித் தூக்கம் வருவது எத்தனை நாளாக, காலையில் தலை வலிக்கிறதா, ராத்திரி மூச்சு முட்டி எழுந்திருக்கிறேனா என்று கேட்டார். பிறகு சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே முதல் ராத்திரி உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்க வைத்தார்கள். எனக்கு மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு நிற்கிறது என்று வந்தது. படுத்ததும் தொண்டைச் சதை தளர்ந்து காற்றுவழியை அடைத்துக்கொள்கிறதாம். ஒரு மெஷின் மூலம் காற்றை அழுத்தி அனுப்பினால் வழி திறந்தே இருக்கும், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கண்டுபிடிக்க இன்னொரு ராத்திரி வர வேண்டும், துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள் என்றார்கள். செவ்வாப்பேட்டைக்குப் போன் செய்தேன். என் மனைவி மறுபேச்சில்லாமல் வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளைப் பார்த்தபோது என் ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. முகம் தெளிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போயிருந்தது. அழகாக இருந்தாள். அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

தூக்கத்தைச் சோதிக்கிற அறையில் டெக்னீஷியன் ஒரு சின்ன வயசுப் பெண். மீசையை மட்டும் விட்டு மழமழவென்று சிரைத்துக்கொண்டு போயிருந்தேன். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க்கை முகத்தில் பொருத்தி, வாரை இழுத்து, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"நாலுல ஆரம்பிப்பேன் சார். பக்கத்து ரூம்ல உக்காந்து உங்க மூச்சப் பார்த்துட்டே இருப்பேன். மூச்சு நின்னா கொஞ்சம் ஏத்துவேன். குறட்டை நிக்கிற வரைக்கும் ஏத்துவேன். மல்லாந்து படுத்துக் கனவு காணும்போதுதான் தொண்டை ரொம்பத் தளரும். அப்பவும் மூச்சு ஒழுங்கா வந்தா அதுதான் உங்க நம்பர்."

"நாலு கிலோவாம்மா?"

"நாலு சென்டிமீட்டர் தண்ணி சார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கிலோ என்பது பத்து மீட்டர் தண்ணீர். நான் தினமும் ஏழு கிலோவை ஆளுகிறவன், அதாவது எழுபது மீட்டர். இவள் நாலு சென்டிமீட்டருக்கு ராத்திரி முழுக்கக் கண் விழிக்கப் போகிறாளாம். இதை என் பேரன் ஊதிவிடுவான் என்றேன். அவள் கோபப்படவில்லை. "குறைஞ்சா அடைப்பு திறக்காது, கூடினா வேற பிரச்சன வரும். ஒண்ணு ரெண்டு வித்தியாசமே பெருசு சார்" என்று சொல்லிவிட்டு, ஒரு படிவத்தை எடுத்து என் மனைவியிடம் திரும்பினாள். "இவருக்கு மூச்சு நிக்கிறத நீங்க பார்த்திருக்கீங்களாம்மா?"

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. "நெஞ்சு மேல கைய வெச்சிகினுதான் படுப்பேன்" என்றாள். "கொறட்ட உட்டுகினே இருக்கும், திடீர்னு நின்னுடும். நெஞ்சு மட்டும் ஏறி எறங்கும், காத்து வராது. நான் எண்ணுவேன். இருவதுக்குள்ள வந்துட்டா உட்ருவேன். தாண்டிச்சின்னா குலுக்குவேன்."

"எத்தனை வருஷமா?"

"பொண்ணு காலேஜ் சேந்ததுலேர்ந்து. ஒம்போது வருசம் ஆவும்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். நான் கட்டிலில் ஒயர்களோடு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒன்பது வருஷத்தில் அவள் என்னைக் குலுக்கினபோதெல்லாம் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று ஞாபகம் வந்தது. "இன்னாமே, வேலைக்குப் போற மனுசன தூங்க உடமாட்டியா, பேஜாரு" என்று கத்தியிருக்கிறேன். ஒரு தடவை கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். சத்தத்துக்குப் பயந்து அவள் போகவில்லை. சத்தம் நிற்பதற்குத்தான் பயந்திருக்கிறாள்.

அன்றைக்கு நான் தூங்கிய தூக்கத்தை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. எழுந்தபோது தலை லேசாக இருந்தது. சுவரில் பெயின்ட் உரிந்திருப்பது கூட அழகாகத் தெரிந்தது. டெக்னீஷியன் பெண் சிவந்த கண்ணோடு வந்து, "உங்க நம்பர் பதினொண்ணு" என்றாள். மல்லாந்து படுத்து, கனவு கண்டு, ஒரு தடவை கூட மூச்சு நிற்கவில்லையாம். காகிதத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கேன்டீனில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது மனைவியிடம் கேட்டேன். அவ்வளவு பயம் இருந்தால் என்னைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போனாய் என்று. கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். அவள் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"முடியலய்யா" என்றாள். "பக்கத்துல படுத்தா எண்ணாம இருக்க முடியல. அங்க போயி மொத நாளு படுத்தவ மறுநாளு சாயங்காலம்தான் எயுந்தேன். அப்புறம் திரும்பி வர்றதுக்கு உடம்பு பயந்துபோச்சி. அஞ்சு மணிக்கு போன் போடுவேன்ல, நீ எடுக்குற வரைக்கும் எனக்கு உசுரு இருக்காது. எடுத்துட்டா அன்னிக்கிப் பொயுது போயிரும்." தட்டைத் தள்ளி வைத்தாள். "மிசினப் போட்டு ஒயுங்கா மூச்சு உடு. ஒரு மாசம் பாக்குறேன். நல்லாயிருந்தா வந்துடறேன். இன்னொரு தபா எண்ண என்னால ஆவாது."

ரயிலேறும் முன்னால் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். என் மூச்சு சரியானால் ஆடி மாசம் அந்த அம்மன் சந்நிதியில் நான் மொட்டை போட வேண்டும், அதுவரை தலையிலும் முகத்திலும் கத்தி படக் கூடாது. என்னைக் கேட்காமலே வேண்டிவிட்டு, "ஆடி வரைக்கும் சவரம் பண்ணாத" என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன். அவள் கேட்டிருந்தால் கையையே வெட்டிக் கொடுத்திருப்பேன், தாடி என்ன பெரிய விஷயம்.

பத்து நாளில் மெஷின் வந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான். பதினொன்றில் வைத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு சாயங்காலம் ஸ்கேலை எடுத்து அவள் வைக்கிற சொம்பை அளந்து பார்த்தேன். கழுத்து வரைக்கும் சரியாகப் பதினோரு சென்டிமீட்டர் இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரின் கனம்தான் எனக்கும் என் பெண்டாட்டிக்கும் நடுவில் இவ்வளவு நாளும் நின்றிருக்கிறது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். ஐந்து மணிக்கு அவள் போன் செய்தபோது, "இன்னாமே, நைட்டு பூரா ஒரே தூக்கம்" என்றேன். அவள் சிரித்தது கேட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. நான் நாள் எண்ண ஆரம்பித்தேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ மெஷின் திரையில் மாஸ்க் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குறி வந்தது. தூங்கும்போது கன்னத்தோரம் விசில் அடித்தது. காற்று கண்ணில் அடித்து, காலையில் கண் எரிந்தது. வாரை இறுக்கினேன். மூக்குத்தண்டு புண்ணாயிற்று. பகல் தூக்கம் திரும்பி வந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாசம் முடிய இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. அவள் வந்து பார்க்கிறபோது இப்படி இருந்தால் திரும்பிப் போய்விடுவாளே. எனக்கு அவள் வேண்டும். டாக்டர் வேண்டாம், நம்பர் வேண்டாம், என் பாயின் மீதிப் பாதியில் அவள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் செய்திருந்தால் முடிந்திருக்கும். எனக்கு ரோஷம். காற்றுக்காரனுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல ஒரு சின்னப் பெண்ணா என்கிற திமிர். போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, பூட்டி வைத்திருந்த அமைப்பைத் திறந்து, பதினொன்றைப் பன்னிரண்டாக ஏற்றினேன். இரண்டு நாள் கழித்துப் பதிமூன்று. பிறகு பதினைந்து. எந்த வேலையைச் செய்ததற்காக எத்தனையோ பேரைத் திட்டினேனோ அதே வேலை. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். காற்று வயிற்றுக்குள் போய் பானை மாதிரி உப்பிக்கொண்டது. கம்ப்ரசர் அறையில் நான் ஏப்பம் விடுகிற சத்தம் மெஷினையும் தாண்டிக் கேட்கிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். அவளிடம் போனில், "நல்லாக் கீதுமே" என்றேன்.

பங்குனியில் சொன்னபடி வந்தாள். கையில் சின்னப் பை. அது ஒரு ராத்திரிக்கான பை என்று பார்த்தவுடன் தெரிந்தது. என் தாடியைப் பார்த்து, "சாமியாராட்டம் கீற" என்று சிரித்தாள். வாங்கி வைத்திருந்த வஞ்சிரத்தைக் குழம்பு வைத்தாள். வீட்டில் அந்த வாசனை எழுந்தபோது நான் அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டேன். படுக்கும்போது சொம்பில் தண்ணீர் பிடித்து டம்ளரைக் கவிழ்த்தாள். அவள் தலையணையில் அவள் தலை இருந்தது. அந்த ஒரு நிமிஷம் போதும் என்று இருந்தது எனக்கு.

அதற்கு மேல் நடந்ததை நான் அறியேன். பாதித் தூக்கத்தில் மாஸ்க்கை நானே பிடுங்கிப் போட்டிருக்கிறேன். விடிந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை என் நெஞ்சு மேல் இருந்தது. கண்ணுக்குக் கீழே பழைய கருப்பு திரும்பியிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "உடு" என்றாள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஏழு மணி ரயிலுக்குக் கிளம்பினாள். பேசின்பிரிட்ஜில் இறங்கி செவ்வாப்பேட்டை ரயில் மாற வேண்டும், கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். பிளாட்பாரத்தில் நின்று கையாட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் நான் டூட்டியில் இருக்கும்போது வார்ப்புப் பிரிவிலிருந்து போன் வந்தது. காற்று இறங்கிவிட்டது, எட்டு கிலோவுக்கு ஏற்று என்று சூப்பர்வைசர் அவசரப்பட்டார். எனக்கு வந்ததே கோபம். "யோவ், லீக்கை உட்டுட்டு பிரஷர ஏத்துனா லீக்குதான்யா பெருசாவும், அறிவில்ல" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே நின்றேன். அறையில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் துணிசோப்பைக் கிண்ணத்தில் கரைத்தேன். கண்ணாடி முன் உட்கார்ந்து மாஸ்க்கை மாட்டி மெஷினை ஓட விட்டேன். கம்பெனியில் குழாய்க்குத் தடவுவது போலவே, விளிம்பைச் சுற்றிப் பிரஷ்ஷால் நுரையைத் தடவினேன். மூக்குத்தண்டில் ஒன்றும் இல்லை. நெற்றிப் பக்கம் ஒன்றும் இல்லை. கன்னத்துக்கு வந்தேன். இரண்டு பக்கமும் தாடிக்குள்ளிருந்து நுரை குமிழ் குமிழாகப் பொங்கி வந்து மோவாயில் வழிந்தது. கண்ணாடியில் என் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்தது. தாடி மயிர் ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை. அதை வளர்க்கச் சொன்னவள் அவள். என் மூச்சு சரியாக வேண்டும் என்று அவள் நேர்ந்துகொண்டதுதான் என் மூச்சைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு டெக்னீஷியன் பெண்ணுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பதினைந்துக்கு ஏற்றியதைக் கேட்டதும் அவள் குரல் மாறியது. "உங்க ஏழு கிலோ இல்ல சார் இது, உங்க தொண்டை. ரொம்ப ஏத்தினா அதுனாலேயே சில பேருக்கு மூச்சு நிக்கும். இன்னிக்கே பதினொண்ணுக்குக் கொண்டு வாங்க, அப்புறம் வந்து டாக்டரப் பாருங்க" என்று திட்டினாள். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன். தாடியை எடுத்துவிட்டால் பழையபடி பொருந்தும் என்றாள். அது என் கையில் இல்லை, வேண்டுதல் என்றேன். "அப்ப வீட்டுல பேசுங்க சார்" என்றாள்.

அதைப் பேச எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. நானே சிரைத்துக்கொண்டு வந்து நிற்கலாம். ஆனால் வேண்டுதல் முறிந்தது என்று தெரிந்தால் அவள் என் பக்கத்தில் படுத்து இருபது இல்லை, இருநூறு எண்ணுவாள். சொன்னால், தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று உடைந்து போவாள். கடைசியில் ஒருநாள் ஐந்து மணிப் போனில், எழுந்துவிட்டேன் என்று சொன்ன கையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சோப்புத் தண்ணீரைக் கூட விடவில்லை. அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"டாக்டரு சொன்னத உட்டுட்டு நீயா ஏத்துனியா?" என்றாள்.

"ஆமா."

"ஏன்யா?"

"நீ வரணும்னுதான்."

பிறகு, "ஞாயித்துக்கெயம பெரியபாளையம் வந்துடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பெரியபாளையம் எங்கள் இரண்டு பேருக்கும் பாதி வழி. நான் புதுவாயல் வழியாக பஸ்ஸில் போனேன். அவள் திருவள்ளூர் போய் அங்கிருந்து வந்தாள். வேப்பிலை விற்கிறவர்களுக்கும் பொங்கல் வைக்கிற அடுப்புப் புகைக்கும் நடுவில் அவள் வருவதைப் பார்த்தேன். தோளில் பெரிய பை. ஆவணியில் எடுத்துக்கொண்டு போன அதே பை. நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் எங்கே இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கையிலிருந்து வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

சந்நிதியில் நெரிசல். அவள் எனக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். எப்போதும் மனசுக்குள்தான் பேசுவாள், அன்றைக்கு வாய்விட்டே பேசினாள். "தாயே, இவனுக்கு மூச்சு நல்லாவணும்னு கேட்டேன். கேட்ட நானே நடுவுல அடப்ப வெச்சிட்டேன். நீ தப்பா எடுத்துக்கமாட்ட. இவன் முடிய இன்னிக்கே வாங்கிக்கோ. ஆடிக்குன்னு சொன்னது சொன்னதுதான், அத நான் குடுக்குறேன்."

"எத குடுப்ப?" என்றேன்.

"என் முடிய."

அவளுக்கு இன்னமும் இடுப்புக்குக் கீழே முடி. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது நான் முதலில் பார்த்தது அதைத்தான். வேண்டாம் என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மசுரு திரும்ப மொளைக்கும்யா" என்றாள். "போ, போயி உக்காரு."

முடி இறக்குகிறவர் தலையை நனைத்துவிட்டு, தாடியுமா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அவள், "தாடிதான் முக்கியம், ஒண்ணு உடாம எடுங்க" என்றாள். மீசையும் போயிற்று. எழுந்து நின்றபோது முகத்தில் காற்று படுவது தெரிந்தது. அவள் சந்தனத்தைக் குழைத்து என் தலையில் பூசினாள். பூசி முடித்தபிறகும் உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று.

வீடு வந்து சேர மதியம் இரண்டாயிற்று. வாங்கி வந்த சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிட்டோம். வெயில் கொளுத்தியது. ஃபேனைப் போட்டு ஹாலில் பாயை விரித்தேன், முழுப் பாயையும். மெஷின் பதினொன்றில் இருக்கிறதா என்று அவளே திரையைப் பார்த்தாள். எனக்கு மாஸ்க்கை மாட்டிவிட்டு, அந்தப் பெண் செய்தது போலவே விளிம்பில் விரலை ஓட்டினாள். விசில் இல்லை. சிவப்புக் குறி இல்லை. சொம்பில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் படுத்து, நெஞ்சு மேல் கையை வைத்தாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை. அவள் எண்ணுவது கேட்டது. உதடு மட்டும் அசைகிற சத்தம். ஒண்ணு, ரெண்டு, மூணு. அதற்குள் என் மூச்சு வந்துவிடும், நிறுத்துவாள். மறுபடியும் ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒரு தடவை கூட நாலுக்குப் போக முடியவில்லை அவளால். பிறகு ஒண்ணு, ரெண்டோடு நின்றது. பிறகு ஒண்ணு மட்டும் கேட்டது. அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. பிறகு என் நெஞ்சிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. அது திரும்ப மேலே வரவில்லை.

மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு தூங்கினாள். கோயில் மஞ்சள் இன்னும் நெற்றியில் இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் அவள் எனக்கு முன்னால் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.